பாங்காக் தெருக்கடையில் சாப்பிட: எதைப் பார்த்து உட்காருவது, எப்படிக் கேட்பது

கேள்வி: முதல் தடவையாக பாங்காக் போகிறோம். நான், மனைவி, எட்டு வயதுப் பையன், அம்மா. ஹோட்டல் சாப்பாடு வேண்டாம், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் தெருக்கடைகளில் சாப்பிட வேண்டும் என்று ஆசை. எந்தக் கடைக்குப் போவது, என்ன கேட்பது? நாங்கள் பன்றியும் மாடும் தொடுவதில்லை. பையனுக்குக் காரம் ஆகாது. அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. வயிற்றுக்கு ஒன்றும் ஆகாமல் திரும்ப முடியுமா?

பதில்: கடைப் பெயர்ப் பட்டியலோடு போகாதீர்கள். யூடியூப் பட்டியல்களில் வருகிறவை நல்ல கடைகள்தான். ஆனால் ஊரின் நெரிசலில் ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகும், சேர்ந்தபின் வரிசையில் இன்னொரு மணி நேரம். நீங்கள் தங்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் அதே சாப்பாட்டை நன்றாகச் செய்கிற கடை ஒன்று கட்டாயம் இருக்கும். அதை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். மற்றபடி இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். கடை எதைச் செய்கிறதோ அதை மட்டும் கேளுங்கள். தட்டு வந்த பிறகு பாக்கிச் சமையலை மேசையில் நீங்களே முடியுங்கள்.

பாங்காக்கின் சிறிய கடைகள் பெரும்பாலும் ஒரே வகைச் சாப்பாட்டைத்தான் செய்யும். மெனு தாய் எழுத்தில் சுவரில் இருக்கும், சில கடைகளில் அதுவும் இருக்காது. கடை முகப்பில் நிற்கும் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள், அதுதான் மெனு. வெளுத்த தோலோடு வேகவைத்த முழுக் கோழிகள் கொக்கியில் தொங்கினால் அது ‘காவ் மன் கை’ கடை. ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்களோடு வந்த கோழிச்சோறு அது. வெள்ளையும் மஞ்சளுமாக நூடுல்ஸ் குவியலும் மீன் உருண்டைகளும் தெரிந்தால் நூடுல்ஸ் கடை. பெரிய எவர்சில்வர் தட்டுகளில் குழம்பும் பொரியலும் வரிசையாக இருந்தால் ‘காவ் கேங்’, அதாவது சோற்றின்மேல் நீங்கள் கைகாட்டும் குழம்பை ஊற்றித் தரும் கடை. பச்சைப் பப்பாளி, எலுமிச்சை, தக்காளி, பக்கத்தில் உயரமான மண் உரல் என்றால் ‘சொம் தம்’ கடை, அதாவது பப்பாளிக்காய் சாலட். பச்சைக் காய்கறி, கொத்திய இறைச்சி, முட்டை அட்டை எல்லாம் சமைக்காமல் அடுக்கியிருந்து, பின்னால் ஒரு இரும்பு வாணலி பெருந்தீயில் கிடந்தால் அதன் பெயர் ‘ஆஹான் தாம் சாங்’. நீங்கள் சொல்வதை அங்கேயே வதக்கித் தருவார்கள். உங்களுக்கு அதிகம் உதவப்போவது இந்தக் கடைசி வகைதான்.

கோழிச்சோற்றுக் கடையில் உட்கார்ந்துகொண்டு தொம் யம் என்ற புளிப்புக் கார சூப்பைக் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். “மை மீ” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இல்லை என்று பொருள். பல கடைகளையும் சேர்த்து எழுதிய பெரிய ஆங்கில மெனுவும் படங்களும் வைத்து, வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடும் இடங்களில் எல்லாமே கிடைக்கும். அங்கே எதுவும் சுமாராகத்தான் இருக்கும்.

நேரமும் ஒரு விஷயம். காலையில் கஞ்சி, சோயாப் பால், அதற்குத் தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த ‘பாத்தோங்கோ’, இறைச்சிக் குச்சிகளோடு ஒட்டரிசிச் சோறு. கோழிச்சோறும் நூடுல்ஸும் செய்கிற கடைகளில் பல விடியற்காலையில் திறந்து மதியம் இரண்டு மணிக்கெல்லாம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும். பட் தாய் என்ற வதக்கிய நூடுல்ஸ், சிப்பி ஆம்லெட் எல்லாம் பெரும்பாலும் மாலைச் சமாசாரம். மதியம் மூன்று மணிக்குப் பசியோடு தெருவில் இறங்கி ஒன்றும் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் நிறைய. அந்த நேரத்துக்கு மால்களின் உணவுக்கூடங்கள் இருக்கின்றன. அசோக் பகுதியில் டெர்மினல் 21 மாலில் உள்ள உணவுக்கூடம் தெருக்கடை விலைக்கே போடும். ஏசியும் இருக்கும், அம்மாவுக்குச் சற்று ஆசுவாசம்.

இன்னொன்று, கடைகளைப் பெரிய சாலைகளின் நடைபாதையில் தேடாதீர்கள். 2017-இல் பாங்காக் மாநகராட்சி நடைபாதைக் கடைகளை அகற்றப்போவதாக அறிவித்து, அது உலகம் முழுக்கச் செய்தியானது. சுற்றுலாப் பயணிகள் கூடும் யாவ்வராட் (சைனாடவுன்), காவ் சான் போன்ற தெருக்களை விட்டுவைத்தார்கள். மற்ற பெருஞ்சாலைகளில் பல கடைகள் காலியாகி, பக்கத்துச் சந்துகளுக்குள்ளும் பழைய மாடிக்கட்டடங்களின் கீழ்த்தளத்துக்குள்ளும் நகர்ந்துவிட்டன. ‘சோய்’ என்று போட்டிருக்கும் சந்துக்குள் ஐம்பது அடி நடந்தால் பிளாஸ்டிக் முக்காலிகள் கண்ணில் படும்.

இனி வாணலிக் கடை. இங்கே தாய்லாந்துக்காரர்கள் யோசிக்காமல் கேட்பது ‘பட் க்ரபாவ்’. மிளகாயையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கொதிக்கும் எண்ணெயில் கொட்டுவார்கள். அந்த நொடியில் கடை முழுக்க ஒரு நெடி கிளம்பும். மேசையில் இருக்கிறவர்கள் இருமுவார்கள், சமைக்கிறவர் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்வார், கை மட்டும் நிற்காது. கொத்துக்கோழி விழும், மீன்சாறும் (ஃபிஷ் சாஸ்) கொஞ்சம் சர்க்கரையும் விழும், தீயை அணைக்கும் முன் ஒரு கைப்பிடி இலை. மொத்தம் இரண்டு நிமிட வேலை. சோற்றின்மேல் கொட்டி, ஓரம் மொறுமொறுவென்று பொரிந்த முட்டை ஒன்றைத் தூக்கி வைப்பார்கள். முட்டை வேண்டுமென்றால் “காய் தாவ்” என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், தனியாகப் பத்துப் பதினைந்து பாட்.

அந்த இலை வேறொன்றுமில்லை, நம் துளசிதான். தாவர இனமே ஒன்று. வெளிநாட்டுத் தாய் உணவகங்களில் அது கிடைக்காததால் இனிப்பு வாசனையுள்ள வேறொரு இலையைப் போட்டு ஒப்பேற்றுவார்கள், அதனால்தான் அங்கே சாப்பிட்ட க்ரபாவில் இந்தக் காட்டம் இருப்பதில்லை. மாடத்தில் வைத்துக் கும்பிடும் செடியைக் கோழியோடு வதக்குகிறார்கள் என்பதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விவகாரம். சில கடைகளில் அளவைக் கூட்டக் காராமணிக்காயும் வெங்காயமும் சேர்ப்பார்கள். அது க்ரபாவே இல்லை என்று உள்ளூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கும் காராமணி இல்லாததுதான் பிடிக்கும்.

கேட்கும் முறை எளிது. முதலில் இறைச்சி: கோழி ‘கை’, பன்றி ‘மூ’, மாடு ‘நுவா’, இறால் ‘குங்’. “பட் க்ரபாவ் கை” என்றால் கோழி க்ரபாவ். வாயால் சொல்வதோடு கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் கோழியைக் கையாலும் காட்டிவிடுங்கள். “மை சாய் மூ” என்றால் பன்றி போடாதீர்கள். மாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சீன வம்சாவளித் தாய்லாந்துக்காரர்களில் குவான் யின் தேவியைக் கும்பிடுகிறவர்கள் பலர் மாடு சாப்பிடுவதில்லை, மாட்டிறைச்சி நூடுல்ஸுக்குத் தனிக் கடைகளே இருக்கின்றன. பன்றி விஷயத்தில்தான் கவனம் தேவை. கோழி நூடுல்ஸ் என்று கேட்டாலும் சாறு பன்றி எலும்பில் கொதித்ததாக இருக்கலாம், மேலே தூவும் பொரித்த பூண்டு பன்றிக் கொழுப்பில் பொரிந்ததாக இருக்கலாம். அந்தக் கலப்பும் கூடாது என்றால் ஹலால் முத்திரை போட்ட கடைகளைத் தேடுங்கள், பாங்காக்கில் முஸ்லிம்கள் வாழும் பகுதிகள் நிறைய உண்டு. அங்கே ‘காவ் மோக் கை’ கேளுங்கள். மஞ்சள் சோற்றுக்குள் கோழி புதைந்திருக்கும், மேலே பொரித்த வெங்காயம், பக்கத்தில் புளிப்பும் இனிப்புமாக ஒரு பச்சைச் சட்னி. பிரியாணி வழி வந்ததுதான்; உங்கள் பையன் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவான்.

நூடுல்ஸ் கடை முதல் நாள் கொஞ்சம் மிரட்டும், ஏனென்றால் மூன்று கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எந்த நூடுல்ஸ்? மெல்லிய அரிசி நூடுல்ஸ் ‘சென் லெக்’, அகலப் பட்டை ‘சென் யாய்’, சேமியா அளவுக்கு நுண்ணியது ‘சென் மீ’, முட்டை சேர்த்த மஞ்சள் கோதுமை நூடுல்ஸ் ‘பமீ’, பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடி இழை ‘வுன் சென்’. சாறோடா, சாறில்லாமலா? ‘நாம்’ என்றால் சாறு, ‘ஹேங்’ என்றால் வறண்டது. அப்புறம் சாதாவா, பெரிதா? விலைப்பலகையில் 50, 60 என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதுதான் விஷயம். முதலாவது சாதா, இரண்டாவது ‘பிசெட்’, அதாவது கூடுதல் அளவு. சாதாக் கிண்ணம் நமக்குச் சிறிதாகத்தான் தெரியும். ஒரு வேளைக்குப் பெரிய சாப்பாடு என்பதைவிட, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும் ஊர் அது. வெற்றிச் சின்னம் (விக்டரி மான்யூமென்ட்) பக்கத்தில் இருக்கும் படகு நூடுல்ஸ் கடைகளில் கிண்ணம் உள்ளங்கையில் அடங்கும், பத்துப் பன்னிரண்டு கிண்ணங்களை அடுக்கி வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். கால்வாயில் படகில் வைத்து விற்ற காலத்துப் பழக்கம் அது. ஆனால் அந்தச் சாற்றில் விலங்கின் ரத்தம் கலப்பார்கள், பன்றி அல்லது மாடு. உங்கள் குடும்பத்துக்கு அது சரிப்படாது.

கிண்ணம் வந்ததும் மேசையில் இருக்கும் நான்கு குப்பிகளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சர்க்கரை. ஒன்றில் வறுத்து இடித்த மிளகாய்த் தூள், இது ‘பிரிக் பொன்’. ஒன்றில் வினிகரில் ஊறும் மிளகாய்த் துண்டுகள். ஒன்றில் மீன்சாறு, பெரும்பாலும் அதிலும் பச்சை மிளகாய் மிதக்கும், இது ‘பிரிக் நாம் ப்லா’. இனிப்பு, காரம், புளிப்பு, உப்பு நான்கும் உங்கள் கையில். சமைக்கிறவர் சாற்றை வேண்டுமென்றேதான் அடக்கமாக விடுகிறார். தொடாமல் குடித்துவிட்டு ‘சப்பென்று இருக்கிறது’ என்று சொல்கிறவர்கள் பாதிச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். முதலில் ஒரு கரண்டி வெறும் சாறு குடித்துப் பாருங்கள். பிறகு வினிகர் அரைக் கரண்டி, தூள் கால் கரண்டி, மீன்சாறு சில சொட்டு. கடைசியில் ஒரு சிட்டிகை சர்க்கரை. நூடுல்ஸில் சர்க்கரையா என்று முகம் சுளிக்காமல் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், புளிப்பும் உப்பும் அதற்குப் பிறகுதான் ஒன்றோடொன்று சேரும். பக்கத்து மேசைக்காரர் குவித்துப் போடுவதைப் பார்த்து நீங்களும் குவிக்க வேண்டாம்.

பட் தாய்க்கும் இதே விதி. நீங்கள் எப்படியும் அதைக் கேட்கத்தான் போகிறீர்கள். கேளுங்கள், ஆனால் அதைப் பழங்கால உணவு என்று நினைக்காதீர்கள். 1939-இல் சயாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிய பிரதமர் பிபுல் சொங்க்ராமின் ஆட்சி, தேசிய உணர்வு ஊட்டும் திட்டங்களில் ஒன்றாக நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் செய்தது. பட் தாய் நாடு முழுக்கப் பரவியது அந்தக் காலத்தில். சீன நூடுல்ஸ், ஆனால் புளிப்பு புளியிலிருந்து, இனிப்பு பனைவெல்லத்திலிருந்து. நல்ல தட்டு எது என்று பார்க்க, ஓரத்தைப் பாருங்கள். எலுமிச்சைத் துண்டு, பச்சை முளைப்பயறு, பூண்டுத்தாள், பொடித்த வேர்க்கடலை, கூடவே நறுக்கிய பச்சை வாழைப்பூ ஒரு கீற்று இருக்கும். வாழைப்பூவைச் சமைக்காமலே கடித்துக்கொள்வார்கள். துவர்ப்பு எண்ணெயை வெட்டும். கெட்ச்அப் நிறத்தில் சிவப்பாக வந்தால் அது சுற்றுலாப் பயணிகளுக்கான பட் தாய்.

சரி, அம்மா. இங்கேதான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தாய்ச் சமையலில் மீன்சாறு உப்பின் இடத்தில் நிற்கிறது. ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன்சாறு, சிப்பிச் சாறு (ஆய்ஸ்டர் சாஸ்) இரண்டையும் ஊற்றித்தான் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது சைவம். குழம்புக்கான அரைப்பில் இறால் விழுது இருக்கும், பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு இரண்டிலும். பட் தாயில் உலர் இறால். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை ‘ஜே’. மஞ்சள் துணியில் சிவப்பாக ‘เจ’ என்று எழுதிய கொடி அல்லது பலகை தொங்கும் கடையைத் தேடுங்கள். இந்த எழுத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீன பௌத்த வழக்கப்படி சமைக்கும் கடைகள் அவை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. நம் வீடுகளில் விரத நாளில் செய்வதைவிடக் கண்டிப்பு. பெரும்பாலும் தட்டுகளில் அடுக்கிவைத்து விற்பார்கள், இரண்டு மூன்று வகையைக் கைகாட்டினால் சோற்றின்மேல் போட்டுத் தருவார்கள். காலையில் தொடங்கி மதியத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்த பொய் இறைச்சி அங்கே ஏராளம். வாத்துத் தோலின் சுருக்கம்வரை அச்சு அசலாக இருக்கும். பார்த்ததும் எழுந்து வந்துவிடப் போகிறார்கள். டோஃபு, காளான், முட்டைக்கோஸ், பூசணி இருக்கும் தட்டுகளைக் காட்டுவது நல்லது.

சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபர் வாக்கில், ஒன்பது நாள் சைவத் திருவிழா வரும். அப்போது யாவ்வராட் முழுக்க மஞ்சள் கொடிதான். வாணலிக் கடைகளே பல அந்த நாட்களில் ஜேவுக்கு மாறிவிடும். பயணத் தேதி உங்கள் கையில் இருந்தால் யோசித்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் நவராத்திரியும் வரும். சீலோம் சாலையில் தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயிலில் அம்மன் ஊர்வலத்துக்குத் தாய்லாந்துக்காரர்களே ஆயிரக்கணக்கில் வந்து நிற்பார்கள்.

ஜே கடை அருகில் இல்லையென்றால் வாணலிக் கடையில் “ஜே, மை சாய் நாம் ப்லா, மை சாய் காய்” என்று சொல்லிக் கேட்கலாம். மீன்சாறு வேண்டாம், முட்டை வேண்டாம் என்று பொருள். க்ரபாவையே டோஃபுவும் காளானும் போட்டு, சோயா சாஸில் செய்து தருவார்கள், டோஃபுவுக்கு ‘தாவ்ஹூ’. வள்ளைக்கீரையைப் பெருந்தீயில் வதக்கும் ‘பக் பூங் ஃபாய் தேங்’ இன்னொரு நல்ல தேர்வு. சிப்பிச் சாறு வேண்டாம் என்பதை இங்கே தவறாமல் சொல்லுங்கள்: “மை சாய் நாம் மன் ஹோய்”. ஆனால் வாணலி அதேதான், கரண்டி அதேதான். அதில் அம்மாவுக்கு ஆட்சேபம் என்றால் வாணலிக் கடையை மறந்துவிடுங்கள். பாஹுராட் பகுதியிலும் சீலோம் கோயில் பக்கத்திலும் இந்தியச் சைவச் சாப்பாடு கிடைக்கும், ஒரு வேளை அங்கே போய் வருவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனிப்பில் அம்மாவுக்குத் தடை குறைவு. ‘கனோம் க்ரோக்’ விற்கும் அம்மாவைத் தெருவில் பார்த்ததும் உங்கள் அம்மாவே நின்றுவிடுவார்கள், நம் குழிப்பணியாரச் சட்டியேதான். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, மேலே வெங்காயத்தாளோ சோளமோ தூவி, இரண்டு அரை வட்டங்களை ஒட்டித் தருவார்கள். உள்ளே தேங்காய்ப்பால் குழைந்து சூடாக இருக்கும், அவசரப்பட்டால் நாக்கு வெந்துவிடும். மாம்பழமும் ஒட்டரிசியும் கோடையில், மார்ச் முதல் மே வரை, உச்சத்தில் இருக்கும். மேலே தூவும் மஞ்சள் மணிகள் வறுத்த பாசிப்பருப்பு. கொய்யா, அன்னாசி, பச்சை மாங்காய் வண்டிகளில் உப்பும் சர்க்கரையும் மிளகாயும் கலந்த பொட்டலம் ஒன்றும் கூட வரும். ரொட்டி வண்டி அம்மாவுக்கு வேண்டாம், மாவிலேயே முட்டை சேர்க்கிறவர்கள் உண்டு. பையனுக்கு வாங்குங்கள். மாவைக் காற்றில் வீசி விரித்து, வாழைப்பழத்தை வைத்து மடித்துப் பொரித்து, கன்டென்ஸ்டு மில்க்கை ஊற்றித் துண்டாக்கித் தருவதைப் பார்ப்பதே அவனுக்குப் பாதிச் சாப்பாடு.

பையனுக்கு மற்றபடி கோழிச்சோறு போதும். கோழி வெந்த நீரிலும் கொழுப்பிலும் சமைத்த சோறு, காரம் கிடையாது. இஞ்சியும் மிளகாயும் கலந்த சாஸ் தனிக் கிண்ணத்தில் வரும், அது உங்களுக்கு. வாணலிக் கடையில் ‘காய் ஜியாவ்’ என்ற ஆம்லெட்டைச் சோற்றின்மேல் கேட்கலாம், நிறைய எண்ணெயில் உப்பிப் பொரிந்து வரும். எதைக் கேட்டாலும் “மை பெட்” என்று சேர்த்துவிடுங்கள். காரம் வேண்டாம்.

காரத்தைப் பற்றிப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் ஆந்திரா மீல்ஸே சாப்பிடுகிறவர்கள் என்ற தைரியத்தில் சொம் தம் கடையில் உட்காராதீர்கள். நம் காரம் பெரும்பாலும் எண்ணெயில் வெந்த காரம். அங்கே சின்ன மிளகாயைப் பச்சையாக உரலில் நசுக்கி எலுமிச்சைச் சாற்றோடு கலந்து தருகிறார்கள். அது நேராகக் காதுவரை ஏறும். உரலுக்கு முன்னால் நின்று எத்தனை மிளகாய் என்று விரலால் காட்டுவது உள்ளூர் வழக்கம்தான், ஒன்றில் ஆரம்பியுங்கள். வகையும் முக்கியம். ‘சொம் தம் தாய்’ என்றால் வேர்க்கடலை, உலர் இறால் போட்ட, இனிப்புச் சாய்ந்த வகை. ‘பூ ப்லா ரா’ என்றால் உப்பில் ஊறிய பச்சை நண்டும் புளிக்கவைத்த மீனும். வடகிழக்கு ஈசான் பகுதிக்காரர்களுக்கு அதுதான் உயிர். புதிதாக வருகிறவர் வயிற்றுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அதே கடையில் கரியில் வாட்டிய கோழி ‘கை யாங்’, மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு ‘காவ் நியாவ்’ இரண்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஒட்டரிசியைக் கையால் கிள்ளி, உருட்டி, தொட்டுச் சாப்பிட வேண்டும். கரண்டியை எடுத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். மற்ற சோற்றுக்கு வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. முள்கரண்டி தள்ளுவதற்கு மட்டும், வாய்க்குப் போவது கரண்டி. குச்சிகள் நூடுல்ஸுக்கு மட்டும்தான்.

வயிறு கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கண்முன்னே வாணலியிலிருந்து தட்டுக்கு வருகிற சாப்பாட்டால் கெடுவது அபூர்வம். தட்டில் மணிக்கணக்காக ஆறிக்கிடக்கும் குழம்புதான் சந்தேகத்துக்கு உரியது, ஆகவே காவ் கேங் கடைக்கு மதியம் பன்னிரண்டுக்கு முன்னால் போங்கள். ஐஸைப் பார்த்து பயப்படாதீர்கள். நடுவில் துளையுள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையிலிருந்து வருவது. உடைத்த கட்டி ஐஸ் மீன் வைக்கிற சரக்கு, அது கோப்பையில் வந்தால் வேண்டாம். பச்சை இறைச்சி, பச்சை ஆற்றுமீன் எந்த வடிவில் வந்தாலும் ஒதுக்குங்கள். ஈசானில் பச்சை மீன் தின்னும் வழக்கத்தால் கல்லீரல் புழு தொற்றி, பித்தநாளப் புற்றுநோய்வரை போவது அந்த நாட்டு மருத்துவர்கள் நீண்ட காலமாகப் போராடிவரும் பிரச்சினை. தொம் யமில் மிதக்கும் எலுமிச்சைப்புல், பேரரத்தைத் துண்டு, தடித்த இலை இவற்றை மென்று விழுங்க வேண்டாம், அவை வாசனைக்கு மட்டும். உணவுக்கூடங்களில் கரண்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு ரைஸ் குக்கரில் வெந்நீர் கொதிக்கும். கரண்டியை அதில் முக்கி எடுத்துக்கொள்ளத்தான் வைத்திருக்கிறார்கள்.

கடைக்காரரைக் கூப்பிட, உங்களைவிட மூத்தவர் என்றால் ‘பீ’, அம்மா வயது என்றால் ‘பா’, சின்னப் பையன் என்றால் ‘நோங்’. முடிந்ததும் “கெப் தாங்” என்றால் கணக்கு. ஒரு தட்டு பெரும்பாலும் 50 முதல் 80 பாட்டுக்குள், ஒரு பாட் சுமார் இரண்டரை முதல் மூன்று ரூபாய். தாய்லாந்துக்காரர்கள் கியூஆர் காட்டிக் கட்டிவிட்டுப் போவார்கள். உங்களுக்கு ரொக்கம்தான் நிச்சயம், அதுவும் இருபது, ஐம்பது, நூறு நோட்டுகளாக. காலை ஏழு மணிக்கு ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் பாவம், அந்த அம்மா மூன்று கடை ஏறி இறங்கிச் சில்லறை மாற்றுவார். டிப்ஸ் தேவையில்லை. சாப்பாட்டைக் கட்டித் தரச் சொன்னால் சாறு, நூடுல்ஸ், சாஸ் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் ஊற்றி, பையைக் காற்றடைத்து உப்பவைத்து, ரப்பர் பேண்டை ஒரு சுண்டு சுண்டி முடிவார்கள். அதைப் பிரிக்க முயலாமல் நேராகக் கத்தரியை எடுங்கள். சா யென் (ஐஸ் போட்ட தாய் டீ) கேட்கும்போது “வான் நொய்”, அதாவது இனிப்பு குறைவாக, என்று சேருங்கள், இல்லையென்றால் சர்க்கரையில் பல் கூசும்.

புகழ்பெற்ற கடை ஒன்றாவது பார்க்க வேண்டாமா என்றால், மகாசாய் சாலையில் ஜே ஃபாய் இருக்கிறது. அந்த ‘ஜே’ சைவம் இல்லை, அக்கா என்ற பொருளில் வருவது. 2017 டிசம்பரில் வந்த முதல் பாங்காக் மிச்லின் உணவகக் கையேட்டிலேயே நட்சத்திரம் வாங்கிய தெருக்கடை. கண்ணுக்குப் பனிச்சறுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கரி அடுப்பில் நண்டு ஆம்லெட் பொரிப்பார். ஒரு ஆம்லெட் ஆயிரம் பாட்டுக்கு மேல், காத்திருப்பு மணிக்கணக்கில். எட்டு வயதுப் பையனோடும் சைவ அம்மாவோடும் அது வேண்டாத வேலை. அதே சாலையில் சில வாசல் தள்ளி தீப் சமாய் என்ற பழைய பட் தாய் கடை, மெல்லிய முட்டை உறைக்குள் பட் தாயைப் பொதிந்து தருவார்கள். வரிசை நீளம்தான், ஆனால் நகரும். அதற்கு வேண்டுமானால் போய் வாருங்கள், ஆரஞ்சுச் சாறும் வாங்குங்கள்.

யாவ்வராட்டுக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். 2019-இல் திறந்த வாட் மங்கோன் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் இரண்டு நிமிட நடை. ஆறு மணிக்குப் பிறகு நடைபாதை முழுக்க மேசைகள் விரியும். ஒரு கடையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் ஒவ்வொரு கடையிலும் ஒரே தட்டாக வாங்கி நகர்ந்துகொண்டே இருங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், நடைபாதைக் கடைகளில் பெரும்பாலானவை அன்று போடுவதில்லை.